திரும்பி வந்த படங்கள்

ஒருமுறை பார்த்த படத்தை மறக்கமாட்டாள் என்பதால், அந்த ஸ்கேன் மையத்தில் அவளுக்கு ‘ரெக்கார்டு அக்கா’ என்று பட்டப்பெயர். மூளைப் படங்களைப் பார்த்து, மறதி நோய்க்கு அறிகுறியான புரதம் எங்கே எவ்வளவு படிந்திருக்கிறது என்று எழுதித் தருவது அவள் வேலை. படத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒழுங்காகப் பார்க்கிறாளா என்று சோதிக்க, மேலாளர் பழைய படங்கள் சிலவற்றைப் புது எண் போட்டு நடுவே செருகிவிடுவார். அவளிடம் அந்தப் பாச்சா பலித்ததே இல்லை. இது போன மாதம் வந்த தலைதானே என்று திருப்பி அனுப்பி, மனிதரின் மூக்கை உடைத்துவிடுவாள்.

இரண்டு வருடம் முன்பு, ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆள் போதவில்லை என்று அவளையே இயந்திரத்தில் படுக்கவைத்தார்கள். படத்தில் நெற்றிப் பக்கம் முழுக்கப் படிவு. படிவு இருந்தும் கடைசிவரை மறதி நோய் வராதவர்கள் உண்டு என்று டாக்டர் தைரியம் சொன்னார். அதையே அவளும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். தனக்கென்று வந்தபோது அந்தத் தைரியம் போதவில்லை. படத்தின் நகலை பீரோவில் வைத்து, வாரம் தவறாமல் எடுத்துப் பார்த்தாள்.

அன்றிலிருந்து, திரும்பி வரும் படங்கள்தான் அவளுக்குப் பரீட்சை. ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று கணவரிடம் சத்தியம் செய்திருந்தாள். அடுத்தவர் தலையோடு விளையாடலாமா?

இந்த மாதம் ஒன்றுகூட வரவில்லை. மேலாளருக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்காமல் அவள் முகத்தையே பார்த்தார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் மேலாளர் அவள் மேசைப் பக்கம் வந்தபோது வம்புக்கு இழுத்தாள்.

“என்ன சார், தோல்விய ஒத்துக்கிட்டீங்களா? இந்த மாசம் பழசு ஒண்ணுமே அனுப்பலையே.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, நாலு அனுப்பியதாகச் சொன்னார். நாலையும் புதுப் படமாக நினைத்து அவள் அறிக்கை எழுதியிருந்தாளாம். அறிக்கையில் ஒரு பிழையும் இல்லையாம்.

அவள் பதறிப்போய் நாலையும் திரையில் போடச் சொன்னாள். எதையும் முன்பு பார்த்ததாகத் தோன்றவில்லை. கடைசிப் படத்தில் நெற்றிப் பக்கம் முழுக்கப் படிவு. ‘குடும்பத்தாரிடம் உடனே பேசவும்’ என்று அவளே கீழே எழுதியிருந்தாள்.

“பாவம், யாரு சார் இது?”

“உங்களோடதும்மா.”

அவள் எழுந்தாள். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவைத்தாள்.