இடது பக்கம் இறங்கவில்லை

எங்கள் மகனுக்கு எட்டு மாதம். ஓயாமல் கத்துவதால் சில்வண்டு என்றுதான் கூப்பிடுகிறோம். பிறந்த அன்றே டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, இடது விதை இன்னும் பைக்குள் இறங்கவில்லை, ஆறு மாதம் பார்ப்போம் என்றார். ஆறு மாதம் முடிந்தும் என் வீட்டுக்காரர் அசைந்து கொடுக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கே லிஃப்ட் நின்றாலும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற மனிதர், சொந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும், "தானா இறங்கிடும்டி, அவசரப்படாத" என்று சாக்குப்போக்கு சொன்னார். இரண்டு முறை வாங்கிய அப்பாயின்ட்மென்டை ஏதோ ஒரு லிஃப்ட் விழுங்கியது. மூன்றாம் முறை அவருடைய டூல்ஸ் பையை என் தையல் மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, பிள்ளையை அவர் இடுப்பில் ஏற்றிவிட்டேன்.

டாக்டரம்மா கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு சில்வண்டின் அடிவயிற்றை மெல்ல வழித்துப் பார்த்தார்.

"இதோ, தொடையிடுக்குல நிக்குது. வயித்துக்குள்ள இருக்கும்போது சிறுநீரகத்துக்குப் பக்கத்துலதான் இது உருவாகும். கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, ஏழாவது மாசம் வாக்குல இந்த வழியா வந்து, பொறக்குறதுக்குள்ள பையில சேந்துடணும். இவனுக்குப் பாதியில நின்னுடுச்சு."

எங்கள் மெக்கானிக்கின் முகம் சட்டென்று நிமிர்ந்தது. "இறக்குறதுக்குக் கயிறு மாதிரி ஏதாச்சும் இருக்குமா டாக்டர்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இருக்கே! நாடா மாதிரி ஒண்ணு கீழருந்து வழிகாட்டும். ஆனா ஆறு மாசத்துக்கு மேல தானா இறங்குறது அபூர்வம். ஒரு வயசுக்குள்ள சின்ன ஆபரேஷன் பண்ணி இறக்கிடணும். விட்டா உடம்புச் சூட்டுல அது கெட்டுப்போகும். சரி, குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

"எங்க பக்கம் இல்ல" என்றேன் நான்.

என் வீட்டுக்காரர், கழன்றே போகாத காலுறையைப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப மாட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்கு" என்றார்.

அவர் அடிவயிற்றில் இருப்பது, ஏழு வருடமாகக் குடலிறக்க ஆபரேஷன் என்று என்னிடம் கதை விட்ட தழும்பு! பதினோரு வயதில் நடந்த ஆபரேஷனாம் அது.

"வெளிய சொன்னா மானம் போயிடும்னு எங்கப்பா வாயை அடைச்சுட்டாரு. எப்படியோ தெரிஞ்சு பசங்க ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனானுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லியிருக்கணும். வேண்டாம்னுடுவியோன்னு பயந்துட்டேன். இப்ப இவனுக்கும்..."

வீடாக இருந்தால் பிடிபிடியென்று பிடித்திருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாவமாக இருந்தது. இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் அப்போது பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது.

"இதுக்கா ரெண்டு மாசமா என்னை அலையவிட்டீங்க? அன்னைக்கே சொல்லியிருந்தாலும் உங்களத்தான் கட்டியிருப்பேன், லூசு மனுஷா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்வண்டு தன் பங்குக்குக் கத்தியது.

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. டாக்டரம்மா ஃபைலை மூடப் போனபோது அவர் தடுத்தார்.

"அப்பாவுக்கும் இருந்துச்சுன்னு அதுல எழுதிடுங்க டாக்டர். இவன் பெரியவனானதும் நானே படிச்சுக் காட்டுறேன். நாளைக்கு இவனுக்கொரு புள்ள பொறந்தா, டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடியே இவன் சொல்லட்டும்."