ஏழு மாத நடை

பாக்கியமேரியின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன என்று டாக்டர் சொன்னது எண்பத்தைந்தாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். கம்பைநல்லூரில் அந்த டாக்டரிடம் பதினெட்டு வருஷமாகக் கம்பவுண்டராக இருந்த சின்னப்பராஜ், அவள் கணவன், பக்கத்திலேயே நின்று கேட்டான்.

"இதுக்குக் குணம்னு ஒண்ணும் இல்லம்மா. வலிய அடக்கலாம், அவ்வளவுதான். சாப்பிட்டுட்டு ஆஸ்பிரின் போடுங்க. குத்துக்கால் போட்டு உக்காராதீங்க."

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள் குத்துக்கால் போடாமல் எப்படி இருப்பாள்? அடுப்பு தரையில் இருந்தது. ஆஸ்பிரின் காதில் இரைச்சலைக் கொடுத்ததே தவிர வலியைக் குறைக்கவில்லை. ஞாயிறு பூசையில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவள் மட்டும் சுவரைப் பிடித்தபடி நிற்பாள்.

ஆடி மாதத்தில் சின்னப்பராஜ் டாக்டரின் மருந்து அலமாரியிலிருந்து இரண்டு வகை மாத்திரை கொண்டுவந்தான். ஒன்று, டாக்டர் யாருக்கும் ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்காத கடுமையான வலி மாத்திரை. மற்றது சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. மூச்சு இரைப்புக்காரர்களுக்கு ஐந்து நாள் எழுதித் தருவார். டாக்டரிடம் அவன் கேட்கவில்லை.

நான்காம் நாள் பாக்கியமேரி குழாயடியிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நடந்து வந்தாள்.

"வலியே இல்லீங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஏழு மாதம் அப்படியே நடந்தாள். முகம் உப்பிக்கொண்டு வந்தது. கூட வேலை செய்த தீர்த்தம்மாள், "மேரிக்கு ஒடம்பு வச்சிருச்சு" என்று கேலி செய்தாள். ஏன் வைக்கிறது என்று சின்னப்பராஜுக்குத் தெரியும். அடுத்த வாரம் நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தான். அவள் நடந்து வருவதைப் பார்த்தால் மனசு வராது.

மாசியில் வயிறு எரிகிறது என்றாள். பிறகு இரண்டு நாள் தார் போலக் கறுப்பாக வயிற்றுக்குப் போனது. அதை அவனிடம் சொல்லாமல் வேலைக்குப் போனவள், சத்துணவுக்கூடத்தில் சோறு வடிக்கும்போதே சரிந்து விழுந்தாள். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"வயித்துக்குள்ள புண்ணாகி ரத்தம் கசியுது. வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பாக்கியமேரி கணவனை ஒரு முறை பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க."

அவன் வாய் திறக்கவில்லை. பதினெட்டு வருஷ வேலை. அவனை அவள் காப்பாற்றுகிறாள் என்பது புரிந்தும் நின்றான்.

மறுநாள் இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியும் பிரஷர் ஏறவில்லை. அவள் கை சில்லிட்டுக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் அந்த வெள்ளை மாத்திரையைப் போடவில்லை. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு விழுந்துவிடும் என்று தன் டாக்டர் யாரோ ஒரு நோயாளிக்குச் சொன்னது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. வராந்தாவில் ஓடிப்போய் டாக்டரம்மாவை மறித்தான்.

"நாந்தாங்க குடுத்தேன். ஏழு மாசமா."

அவர் அவனைத் திட்டவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டுக்கொண்டே நர்சைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னார்.

பாக்கியமேரி பிழைத்தாள். சின்னப்பராஜ் தன் டாக்டரிடமும் போய் உண்மையைச் சொன்னான். அவர், "நாளையிலிருந்து வர வேணாம்பா" என்றார். அரூரில் ஒரு மண்டியில் மூட்டை எடை போடும் வேலை கிடைத்தது.

ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியதும் வலி திரும்பியது, முன்னைவிடக் கூடுதலாக. பாராசிட்டமால் தவிர வேறெதுவும் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். சத்துணவு வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் சுவரைப் பிடித்து அடுப்புவரை போவாள், அங்கிருந்து கட்டிலுக்கு வருவாள்.

ஒரு சாயங்காலம் அவன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அந்த வெள்ள மாத்திரை, வெளிய எங்கியாச்சும் கெடைக்குங்களா?"

"செத்துப் போயிருவ, மேரி."

"அந்த ஏழு மாசம் நல்லா இருந்தேன்ல."

அவன் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்துப் பிழிந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.