நடு வரிசை

...எழுந்தால் போச்சு, வலப்பக்கம் வரிசையாக முழங்கால்கள், இடப்பக்கம் மடியில் பையை இறுக்கிக்கொண்டு ஒரு அம்மாள், இவர்கள் எல்லாரும் எழுந்து வழிவிட்டால்தான் நான் வெளியே போக முடியும், இத்தனை பேர் எழுந்தால் மேலே மாடத்தில் இருக்கிற அவர் குனிந்து பார்க்காமல் இருப்பாரா... முதலில் அது அவர்தானா? அவரேதான். அந்தச் சாம்பல் நிறச் சட்டைக்கு நேற்று நான்தானே இஸ்திரி போட்டேன், காலரில் ஒரு மடிப்பு நிமிரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் சிமெண்ட் கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற வேலை, போகாவிட்டால் மேனேஜர் உயிரை எடுத்துவிடுவார் என்று அலுத்துக்கொண்டு கிளம்புகிற என் புருஷன், பாட்டுக் கேட்க வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கால் தாளம் வேறு போடுகிறது. வீட்டில் நான் ரேடியோ வைத்தால் தலைவலிக்கிறது என்று அணைக்கிற மனுஷன்.

நான் மட்டும் யோக்கியமா, சொல்லாமல்தானே வந்தேன்... ஆனால் நான் வந்தது பக்கத்துத் தறிக்காரிக்காக. தறிக்கூடத்தில் பேச்சு காதுக்கு எட்டாது, அத்தனை தறியும் ஓடும்போது பக்கத்தில் இடியே விழுந்தாலும் தெரியாது, ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துத்தான் எங்கள் வம்பளப்பு எல்லாம், கூடத்தின் அந்தக் கோடியில் நிற்பவள் மாமியாரைத் திட்டினாலும் இந்தக் கோடியில் எனக்குப் புரியும். “ஞாயித்துக்கிழமை நான் பாடுறேன், வாடி” என்று அவள் வாயசைத்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நீயா? உன் குரலே எனக்குச் சரியா தெரியாதேடி!” என்றேன். “அப்ப வந்து தெரிஞ்சுக்கோ. வாரா வாரம் இந்த ஊருல ஏதாவது நடந்துக்கிட்டுதான் இருக்கு, நீ எங்க இருக்க?” எங்கே இருக்கிறேன்... சமையலறை ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கி, கொடியில் துணி போட்டால் கரித்தூள், அந்த ஒன்றரை அறைக்குள் இருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கேயாவது போகலாமா என்று கேட்டதற்கு, “இந்த ஊருல என்ன இருக்கு, புகையும் சங்குச் சத்தமும்தான், பேசாம படு” என்றார், நானும் படுத்தேன், என் தங்கை போனில் கேட்டபோதெல்லாம் இங்கே ஒரு மண்ணும் இல்லையடி என்று அவர் சொன்னதையே ஒப்பித்தேன். இங்கே வந்து பார்த்தால் பழைய கொதிகலன் கூடத்துக்கு வெள்ளையடித்து நாற்காலி போட்டிருக்கிறார்கள், கொதிகலன்காரர்கள் நின்று வேலை பார்த்த இரும்பு நடைபாதைதான் இப்போது மாடம், சுவரெல்லாம் வார்ப்படத் தொழிலாளிகள் வரைந்த படம், வாசலில் அடுத்த வார நாடகத்துக்கு விளம்பரம். நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிற முக்குக்குப் பின்னாலேயே இத்தனையும் நடந்துகொண்டிருக்கிறது.

மாடத்தில் அவர் பக்கத்தில் எவளாவது இருக்கிறாளா என்றுதான் முதலில் தேடினேன், பொய் சொல்வானேன், ஒருத்தி இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டி அழுதாவது தீர்த்திருக்கலாம், ஒரு வழுக்கைத் தலைக்காரர்தான் இருந்தார், ரொம்ப நாள் பழக்கம் போல அவர் தோளில் இவர் கை. மேடையில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வழுக்கைக்காரர் திரும்பி ஏதோ கேட்டார், என் கண் தன்னால் அவர் உதட்டுக்குப் போய்விட்டது, தறிக்கூடத்துக் கண், பார்க்காதே என்றால் கேட்குமா. “வீட்டம்மாவ இன்னைக்கும் கூட்டிட்டு வரலையா?” இவர் சிரித்தார். “அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது சார். மில்லு விட்டா வீடு, வீடு விட்டா மில்லு. கூப்பிட்டாலும் வரமாட்டா.” கூப்பிட்டாரா? என்னையா? எந்த ஜென்மத்தில்? அப்படியே எழுந்து கத்தலாமா, முழங்கால்களை எல்லாம் மிதித்துக்கொண்டு மாடிப்படி ஏறி நாலு பேர் முன்னால் கேட்கலாமா, கேட்டு... பிறகு? ராத்திரி அதே ஒன்றரை அறைக்குத்தானே இரண்டு பேரும் போக வேண்டும். பக்கத்து அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், அப்போதுதான் உறைத்தது, என் வாய் அசைந்திருக்கிறது, சத்தமில்லாமல், “அடப்பாவி, அடப்பாவி” என்று.

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை, மேடையில் பாட்டுக் குழுவின் மூன்றாவது வரிசையில் நின்றவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துத் தறிக்காரி புருவத்தைத் தூக்கினாள், பாட்டில் ஒரு அடியைப் பாடாமல் விட்டாள், மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்க அவள் வாய் மட்டும் வேறாக அசைந்தது, “யாரைடி?” நான் கண்ணால் மாடத்தைக் காட்டினேன். அவள் பார்த்தாள், என் புருஷனை அவளுக்குத் தெரியாதா என்ன, மில் வாசலில் பார்த்திருக்கிறாளே, ஆனால் அவள் முகத்தில் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை. “அவரா? எல்லாக் கச்சேரிக்கும் வருவாரே. உனக்குப் பிடிக்காதுன்னுல்ல சொன்னாரு, அதான் இத்தனை நாள் நானும் கூப்பிடல. இன்னைக்கு நானே பாடுறேன்னுதான் கேட்டுப் பார்த்தேன்.” அப்படியானால் இவளிடமும் சொல்லி வைத்திருக்கிறார், ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறார், நான் உள்ளே இருக்க வெளியே தாழ்ப்பாள் போட்ட மாதிரி... முந்தானையை முறுக்கிக்கொண்டேன்.

இடைவேளை விளக்கு எரிந்தது. முழங்கால்கள் ஒவ்வொன்றாக எழுந்து போயின, பை அம்மாளும் போய்விட்டாள், இரண்டு பக்கமும் வழி காலியாகக் கிடந்தது, மாடத்தில் இருந்தவர்களும் டீ குடிக்க இறங்கிக்கொண்டிருந்தார்கள், எந்த நிமிஷமும் அவர் இந்தப் பக்கம் வரலாம். மேடையை விட்டு இறங்காமல் அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “சரி, அவரு கிடக்காரு. உனக்குப் பாட்டு பிடிச்சிருக்கா, அதைச் சொல்லு.” அவர் சொன்னது பச்சைப் பொய், பிடிச்சிருக்குடி என்று சொல்ல வாயைத் திறந்தேன்... என்ன பாட்டு பாடினார்கள்? ஒரு அடி, ஒரு சொல்? மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனே. அதற்கு முந்தி எந்தப் பாட்டு எனக்குப் பிடித்தது, எனக்கு என்றுதான் எது பிடித்தது, ரேடியோவில் நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் அணைத்தார், ஒன்றும் நினைவுக்கு வரவில்லையே. கூடத்தின் கோடியில் அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.