குடாக்கு டப்பா

ஒடிசாவில் எங்கள் பர்கட் பக்கத்துப் பெண்களிடம் பல் விளக்குவதில்லையா என்று கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நானும்தான். ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் ஜேமா அக்காவின் வாயைப் பார்த்துவிட்டு அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

"நல்லா கேட்டீங்க போங்க! எங்க ஜேமா அக்கா ஒரு நாளைக்கு அஞ்சாறு வாட்டி விளக்குவா. உங்க வீட்டுலகூட அப்படி விளக்க மாட்டாங்க."

சின்னப் பெண் அந்த டாக்டர். சிரிக்கவில்லை. "எதால விளக்குறாங்க?"

அக்கா இடுப்புச் செருகலிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். குடாக்கு. புகையிலைத் தூளை வெல்லப்பாகில் பிசைந்த கறுப்புப் பசை. விரலில் எடுத்துப் பல்லில் தேய்த்தபடி குளத்துப் படியில் உட்கார்ந்தால் எங்களுக்குப் பொழுது போவதே தெரியாது.

"ஐயோ, இது பல்லு விளக்குறதாம்மா? போதை! ஈறு பூரா சீழ். இது ஆறலைன்னா சர்க்கரை இறங்காது. சர்க்கரை இறங்கலைன்னா ஈறும் ஆறாது, கால் புண்ணும் ஆறாது."

அக்காவின் கால் கட்டைவிரலில் புண். அதற்குத்தான் வந்ததே. சர்க்கரை இப்படியே இருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லித்தான் பெரிய டாக்டர் எங்களை இங்கே அனுப்பியிருந்தார்.

"ராத்திரி தூங்குறீங்களா?"

அக்கா கூரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். சூரத்துக்குத் தறி வேலைக்குப் போன அவள் மகன் டிகேஸ்வர் பிணமாகத் திரும்பியதிலிருந்து தூக்கமில்லை, பேச்சில்லை. டப்பா மட்டும் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. மனசுக்கு வைத்தியம் பார்ப்பவரிடமும் போகச் சொன்னாள் அந்தப் பெண். "நான் என்ன பைத்தியமா?" என்று அக்கா எழுந்து நடையைக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். பிரஷ் வாங்கி வைத்தேன். அக்கா சண்டை போடுவாள் என்று பார்த்தால், போடவில்லை. படுத்துக்கொண்டாள். மறுநாள் எழவில்லை. அதற்கு மறுநாளும் எழவில்லை. பிரஷ் ஈரமாகவே இல்லை. மாத்திரையை வாயில் திணித்தால் கடைவாயில் வழிந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏ மகராசி, காலை வெட்டிப்புடுவாங்க! எந்திரிச்சுத் தொலையேன்!"

"அதைத் தேய்க்கத்தான் தினம் எந்திரிச்சேன், ரேபதி. இல்லைன்னா எதுக்கு எந்திரிக்கணும்? நீயே சொல்லு."

வாய் தானாகச் சொன்னது: "எனக்காக எந்திரியேன்."

அக்கா என் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் பானைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்து அவள் மூக்கருகே வைத்தேன். கண்ணைத் திறந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் கொல்லைக்குப் போனாள். தேய்த்தாள், துப்பினாள், முகம் கழுவினாள். திரும்பி வந்து பழைய சோறு இரண்டு வாய் தின்று, மாத்திரையையும் தானே எடுத்து விழுங்கினாள். கால் புண்ணில் கட்டியிருந்த துணியில் மறுபடி ஈரம் கசிந்திருந்தது.

டப்பாவைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தேன்.