மொதலாளி புள்ள எத்தினி நேரம் நின்னாரு

கும்மிடிப்பூண்டியில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில், மதிய ஷிப்டுக்காரர்களை இரண்டு மணி நேரம் முன்னதாகவே வரவழைத்து, கேன்டீனில் படம் போட்டார் எச்.ஆர். வெங்கட்ரமணன். நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் படம். பேச்சும் இல்லை, கலரும் இல்லை.

"ஜெர்மன்காரன் ஒழுக்கத்தைக் கண்ணால பாருங்க" என்றார் மைக்கில். அவரும் அதைப் பார்த்ததில்லை என்பது பத்தாவது நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று.

தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் நிற்கும் ஜோதிலட்சுமிக்கு மடியில் கிடந்த தாள்தான் உறுத்தியது. 'பிரஸ் லைனுக்கு ரிலீவர் தேவையில்லை' என்று தொழிலாளர்களே மனமுவந்து சொல்வதாக டைப் அடித்திருந்தது. படம் முடிந்ததும் கையெழுத்து. ரிலீவர் என்றால், ஒருத்தி பாத்ரூம் போகும்போது அவள் மிஷினில் வந்து நிற்கிற ஆள். போன மாதம் ஒரு வாரம் அந்த ஆள் வரவில்லை. தண்ணீரே குடிக்காமல் நின்று, நீர்க்கடுப்பு வந்து, கவரைப்பேட்டையில் ஊசி போட்டுக்கொண்டவள் அவள்.

திரையில் தொழிலாளிகள் தலையைத் தொங்கப்போட்டு நடந்தார்கள்.

"வரிசையைப் பாருங்க. ஒருத்தராவது செல்போன் நோண்டறாங்களா?"

"நாம ஷிப்டு வுட்டு ஸ்டேஷனுக்குப் போய்க்கினு இருக்கற மாதிரியே கீதுக்கா" என்றாள் பக்கத்தில் பிரின்சி.

கடிகாரம் போன்ற ராட்சச மிஷினின் முள்ளை ஒருவன் இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தான்.

"இதுக்குப் பேர்தான் அர்ப்பணிப்பு" என்றார் வெங்கட்ரமணன். அர்ப்பணிப்பு அப்படியே மயங்கிச் சரிந்தது. வெள்ளைச் சட்டை இளைஞன் ஒருவன் ஓடிவந்து தாங்கிப் பிடித்து, அவன் இடத்தில் தானே நின்றான்.

"அது யாருடி?"

"தோட்டத்துல பொண்ணுங்களோட ஓடிக்கினு இருந்தானே, மொதலாளி புள்ள. அவன்தான்."

ஜோதிலட்சுமி எழுந்துவிட்டாள். "சார், அங்க மொதலாளி புள்ளையே ரிலீவரா?"

கேன்டீன் சிரித்தது.

"அது சிம்பாலிக்மா."

"எங்களுக்கு சிம்பாலிக்கா வர்றதில்லையே சார், ஒண்ணுக்கு."

வெங்கட்ரமணன் ரிமோட்டைத் தேடிப் படத்தை நிறுத்தினார். "ஷிப்டுக்கு நேரமாச்சு. கையெழுத்தைப் போடுங்க."

அவள் போட்டாள். அதற்கு முன் 'தேவையில்லை'யில் இருந்த 'யில்லை'யை மட்டும் அழுத்தி அடித்தாள். எட்டிப் பார்த்த பிரின்சி தன் தாளிலும் அடித்தாள். பேனா அடுத்த மேஜைக்குப் போனது.

"கம்பெனி லெட்டர்மா இது. திருத்தக்கூடாது."

"கையெழுத்துதான கேட்டீங்க, போட்டாச்சு. ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கீது. படத்தப் போடுங்க சார், அந்தப் புள்ள எத்தினி நேரம் நின்னாருன்னு பாக்கணும்."