ஏழு மணி குரூப்

மணிமாறன் ஐந்தரைக்கு எழுந்தான். வாசல் பல்பை அணைத்தான். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினான். டீ போட்டு நின்றபடியே குடித்தான். இரண்டு போன்களையும் சார்ஜில் போட்டான். ஒன்று அவனுடையது, இன்னொன்று ஜெயப்பிரியாவுடையது. குளித்துவிட்டு வந்து இரண்டையும் கழற்றினான். தன்னுடையதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவளுடையதை அலமாரியில் அவள் புடவைகளின் மேல் வைத்துக் கதவைச் சாத்தினான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு பாகூர் உரக்கடைக்கு பில் போடக் கிளம்பினான்.

ஜெயப்பிரியா இறந்து நான்கு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவள் நான்காம் நாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

கருமாதிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று. ‘நேரத்துக்குச் சாப்பிடுங்க’ என்று சொன்னதாக முதலில் கேட்டவரிடம் சொன்னான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தவர்களிடமும் அதையே சொன்னான். பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஜெயப்பிரியா அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவள் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். அவன் பி.காம். கல்யாணமான புதிதில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கச் சொன்னாள். ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தான். அவள் ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தித் திருத்துவான். ஒருநாள் உரக்கடையில் உடன் வேலை செய்யும் செல்லப்பன் வந்திருந்தான். அவனுக்கு டீ கொடுத்துவிட்டு அவள் இங்கிலீஷில் இரண்டு வரி பேசினாள். செல்லப்பன் பேசாமல் இருந்தான். மணிமாறன்தான் சிரித்தான். அதோடு சரி. அதற்கப்புறம் அவன் முன்னால் அவள் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசியதில்லை.

போனில் ஒரு ஆப் இறக்கிக்கொண்டாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து அதோடு பேசுவாள். தப்பாகச் சொன்னால் அது திரும்பச் சொல்லச் சொல்லும். எத்தனை தடவை என்றாலும் சொல்லச் சொல்லும். சிரிக்காது. அதை அவள் யாரிடமோ சொன்னதை அவன் கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறான்.

பிறகு வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்தாள். தெருப் பெண்கள் எட்டுப் பேர், கரையாம்புத்தூரில் வாக்கப்பட்ட அவள் சித்தி மகள் ஒருத்தி. தினம் ஒருத்தி முறை. இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேசிக் குரல் பதிவு அனுப்ப வேண்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டு ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். திருத்தக் கூடாது என்பது ஜெயப்பிரியா வைத்த சட்டம். மாலை ஏழிலிருந்து எட்டு வரைதான் நேரம். பாதிப் பேர் வீட்டில் ஒரே போன். அது பகலெல்லாம் புருஷனோடு வயலுக்கோ வேலைக்கோ போய்விட்டு அந்த நேரத்துக்குத்தான் கைக்கு வரும்.

ஒருமுறை எட்டு மணிக்கு மேல் எதிர்வீட்டுப் பக்கிரி குடித்துவிட்டு வந்து, தன் பெண்டாட்டி கல்பனாவின் போனை வாங்கி, அவள் பேசுவது போலவே கொஞ்சலாகப் பேசிக் குரூப்பில் போட்டுவிட்டான். மறுநாள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து எட்டு மணிக்கு ஜெயப்பிரியா குரூப்பைப் பூட்டிவிடுவாள். அட்மின் தவிர யாரும் எதுவும் போட முடியாது. அட்மின் அவள் ஒருத்திதான். மறுநாள் ஏழுக்குத் திறப்பாள். மறக்காமல் இருக்கப் போனில் அலாரம் வைத்திருந்தாள்.

அவள் காய்ச்சலில் படுத்தபோது குரூப் பூட்டியிருந்தது. இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அலாரம் தினம் ஏழு மணிக்கு அலமாரிக்குள் அடிக்கும். மணிமாறன் கூடத்தில் உட்கார்ந்து அது தானாக அடங்கும் வரை கேட்டுக்கொண்டிருப்பான்.

முப்பதாம் நாள் முடிந்து கல்பனா ஒருமுறை வந்து கேட்டாள். போன் ரிப்பேர், உயிரே வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

இன்று கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது திரும்பவும் வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். சேதராப்பட்டு பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்கு ஆள் எடுக்கிறார்களாம். திங்கட்கிழமை நேர்காணல். தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டுமாம். பக்கிரி இந்த ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டான். கிடைக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு கரும்புக்குக் களையெடுக்கப் போக வேண்டியதுதான்.

“புதுசா ஒரு குரூப் ஆரம்பிக்க வேண்டியதுதானேம்மா” என்றான்.

“ஆரம்பிச்சோமேண்ணா. நீ பேசு, நான் பேசுன்னு நாலு நாளு. அஞ்சாம் நாளு குட்மார்னிங் பூவா வந்து ரொம்பிப் போச்சி. ஒருத்தியும் வாயத் தொறக்கல. அண்ணி இருந்த எடத்துலதான் எங்களுக்கு பேச்சு வருது. நான் இன்னா பண்ண?”

தனியாகப் பேசிப் பழகலாமே, ஆப் இருக்கிறதே என்றான். அதோடு பேசும்போது நன்றாகத்தான் வருகிறது என்றாள். மனுஷர்கள் கேட்கிறார்கள் என்றால்தான் தொண்டை அடைக்கிறது. திங்கட்கிழமை எதிரே உட்காரப் போவது மனுஷர்கள்.

“அந்த போன கடைல குடுத்து பாத்தீங்களாண்ணா?”

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளே அலமாரியில் அலாரம் அடித்தது.

அது ஒரு நிமிடம் அடிக்கும். அந்த ஒரு நிமிடமும் அடித்தது. மணிமாறன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தையே மறுபடியும் துடைத்தான்.

கல்பனா கோபப்படவில்லை. செருப்பை மாட்டப் போனவள், “நீங்க ரீசார்ஜ் பண்ணாம வுட்டிருந்தாகூட அட்மின் தானா வேற ஆளுக்கு மாறியிருக்கும்னு சொல்றாங்க” என்றாள். “நாங்களும் தெனம் பாக்கறோம். அண்ணி நம்பரு உயிரோடதான் இருக்குது.”

படியிறங்கிப் போனாள்.

அவன் உள்ளே போய் அலமாரியைத் திறந்தான். போனின் பூட்டு அவனுக்குத் தெரியும். அவள் ஒருநாளும் அதை அவனிடம் மறைத்ததில்லை. ஆனால் இந்த நான்கு மாதத்தில் சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்த்ததைத் தவிர அதற்குள் அவன் போகவில்லை. விரலால் கோடிழுத்தான். திறந்தது. குரூப்பின் பெயருக்குப் பக்கத்தில் பெண்கள் பத்துப் பேரும் ஒரு வயல் வரப்பில் நிற்கும் படம். ஜெயப்பிரியா ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தாள். கடைசியாக இருந்தது அவளுடைய குரல் பதிவுதான். நாற்பது விநாடி. விரல் அதன் மேல் போய், நகர்ந்தது.

செட்டிங்கில் இரண்டு இடத்தில் தொட வேண்டும். தொட்டான். எல்லோரும் செய்தி அனுப்பலாம் என்று வந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தான். கல்பனா தன் வீட்டுக்குள் போகவில்லை. பக்கிரி உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவள் தெருக் குழாயடியில் போனைப் பார்த்தபடி நின்றாள். வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு இந்த வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயோரம் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். இரண்டு தடவை நிறுத்தினாள். மூன்றாவது தடவை நிறுத்தவில்லை.

அவன் கையில் போன் அதிர்ந்தது. கல்பனா, இரண்டு நிமிடம் நான்கு விநாடி. அவன் அதைத் தொடவில்லை. போனைப் புடவைகளின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மாலை ஏழு மணிக்கு அவளுடைய போன் அவன் கையில் இருந்தது. அலாரம் அடித்தது. நர்ஸ் முறைத்தாள். அவன் அவசரமாக அணைத்தான். அதுவரை கண்ணை மூடிக் கிடந்தவள் விழித்து அவனைப் பார்த்தாள். தனக்கு ஏதோ சொல்லப் போகிறாள் என்று குனிந்தான். அவள் சொல்லி முடித்ததும், பேசாமல் படு என்றான். அவளும் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. சொன்னதில் அவனுக்கென்று ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றும் அவனை வெளியே நிற்கச் சொன்னது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

“குரூப்ப தொறந்து வுடுங்க. இன்னிக்கு கல்பனா மொற. நீங்க கேக்காதீங்க, அது கூச்சப்படும்.”