சுலபம்

மனைவியின் படம் ஃபோன் திரையில் வந்ததும் அவர் திருதிருவென்று விழித்தார். பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அச்சகத்தில் இருபத்தாறு வருடம் பிழை திருத்தியவருக்குச் சொற்களே கைவிட்டுப் போயிருந்தன. பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். படம் வரும், அவர் அதன் பெயரைச் சொல்ல வேண்டும், மனைவி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்: மறந்தது, கஷ்டம், சுலபம். மறந்த சொல்லுக்குக் கஷ்ட எண் ஏறும், மறுநாளே திரும்ப வரும். சுலபமானது தள்ளித் தள்ளி வரும்.

சாவி, சீப்பு, குடை எல்லாவற்றுக்கும் அவள் உள்ளபடியே அழுத்தினாள். தன் படத்துக்கு மட்டும் மனசு வரவில்லை. "நல்லாப் பாருங்க. ம... மனை..." என்று எடுத்துக் கொடுத்தாள். "மனைவி" என்றார், பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவர் போல. 'சுலபம்' அழுத்தினாள். பத்து நாள் கழித்தும், அடுத்த மாதமும் அதே கதை. பிறகு அந்தப் படம் வரவேயில்லை. அதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. வீட்டில் அவளை "இந்தா" என்றுதான் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் பயிற்சிப் பெண் சாவியைத் தூக்கிக் காட்டினாள். "சாவி!" என்றார் பட்டென்று.

"இவங்க யாரு சார்?"

அவர் மனைவியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். "நர்ஸம்மா. நல்லாப் பாத்துக்கறாங்க."

பயிற்சிப் பெண் ஃபோனை வாங்கித் திரையைத் தள்ளிப் பார்த்தாள். "சாவிக்குக் கஷ்டம் ஒன்பது. நாப்பது தடவை கேட்டிருக்கு. உங்க படத்துக்கு ஒண்ணு. மூணே தடவை."

"அவர் திணறினது அதுக்குத் தெரியாதா?"

"அதுக்குக் கண்ணா இருக்குக்கா? நீங்க அழுத்தறத அப்படியே நம்பும்."

"இப்ப மாத்தி அழுத்தினா?"

"அழுத்துங்க. ஆனா இந்த மொத ஆறு மாசந்தான் சொல்லெல்லாம் வேகமாத் திரும்பி வரும்..." என்றபடி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து மனைவி தன் படத்தைத் தேடி எடுத்து 'மறந்தது' அழுத்தினாள். பக்கத்தில் அவர் போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. வளைவில் ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார். அவள் முன்னால் சாய்வதற்குள் அவருடைய இடது கை குறுக்கே நீண்டு, கம்பியில் முகம் இடிக்காமல் தடுத்தது. அவர் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து மறுபடி கிளம்பி, இரண்டு நிறுத்தம் தாண்டியும், அந்தக் கையை எடுக்கவில்லை.